எருமை முதலாளியும் எறிபழமும்

ஒரு காட்டில் புலி இருந்தது, பூதம் இருந்தது என்று ஆரம்பித்தால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பீர்கள். இந்தக் காட்டில் இருந்தது ஒரு கால்பந்துக் கழகம். பிடித்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

மூங்கில்காட்டுக் கழகத்தின் முதலாளி புண்ணியகோடி என்ற எருமை. அணியைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். முன்னால் ஓடிக் கோல் போட ஆமையைப் போட்டிருந்தார். கோல் காக்க முள்ளம்பன்றி. அது பாய்ந்து பந்தைப் பிடிக்கும், பிடித்ததும் பந்து செத்துப்போகும். அணி தோற்றுக்கொண்டே இருந்தது.

கடைசி இடத்துக்குப் போனால் இரண்டாம் பிரிவில் தள்ளிவிடுவார்கள். இரண்டாம் பிரிவு ஆட்டமெல்லாம் ஆற்றின் நடுத்திட்டில்தான். அங்கே முதலைதான் கோட்டு நடுவர். வெளியே போன பந்தை எடுக்கப் போனவர் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

குரங்குகள்தான் ரசிகர்கள். தோற்ற அன்றெல்லாம் முதலாளி மேல் பழத்தை எறிவது அவர்கள் வழக்கம். வாழை, பப்பாளி, பலாச்சுளை, கையில் என்ன கிடைத்தாலும் பறக்கும். இவ்வளவு பட்டும் அந்த ஆளுக்குச் சுரணையே வரவில்லையே என்று ரசிகர் மன்றத் தலைவி செங்கமலத்துக்கு வயிறு எரிந்தது. நேரே முதலாளி வீட்டுக்கே போய்விட்டாள்.

"ஏன் முதலாளி, மானம் ரோஷம் எதுவும் கிடையாதா உங்களுக்கு?"

புண்ணியகோடி நிதானமாக ஒரு பப்பாளியை மென்று விழுங்கினார்.

"கோவிச்சுக்காதம்மா. நீங்க தோத்தாத்தானே எறியறீங்க? எப்பவோ ஒரு தடவை ஜெயிச்சப்போ ஆடிப் பாடிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. அன்னிக்கு நானும் என் பெண்டாட்டியும் பட்டினி. யாராவது கேட்டீங்களா?"

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளாகத் தோற்கச் சொல்லிச் சோறு போட்டது நாம்தானா!

அன்றே குரங்குகளைக் கூட்டினாள். "இனிமே தோத்தா ஒரு தோலைக்கூட எறியக் கூடாது. ஜெயிச்சா மட்டும் கொட்டுங்க!"

மறு ஆட்டத்துக்குப் புண்ணியகோடி வேறு எருமையாக வந்தார். முன்னால் சிறுத்தை. கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு யானை, காற்றுகூடப் புக வழியில்லை. அணி ஜெயித்தது. மறுபடி ஜெயித்தது. இரண்டாம் பிரிவு பயம் போய், கோப்பைக் கனவு வந்தது. "முதலாளின்னா இவர்தான்யா!" என்று காடே கொண்டாடியது. நல்ல முதலாளி வாய்த்தால் கழகம் எப்படி மாறுகிறது பாருங்கள்.

மரங்களும் மாறின. ஜெயித்த அன்றெல்லாம் கூடை கூடையாகக் கொட்டியதில் பழமே இல்லை. புண்ணியகோடிக்கு நாக்கும் நீண்டுவிட்டது. "பப்பாளி வேண்டாம், பலாச்சுளையா எறியுங்க. கொட்டையை எடுத்துடுங்க," என்று சொல்லி அனுப்பினார். குரங்குகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

தொடரின் கடைசி ஆட்டம், ஜெயித்தால் கோப்பை. எதிரே தோற்றே பழகிய கிழக்குக்காட்டு அணி. அந்த அணியின் முதலாளி ஒரு கழுதை, படு உதவாக்கரை. அவர்கள் ரசிகர்களோ கொழுகொழுவென்று உட்கார்ந்து, வரப்போகும் தோல்விக்கு முன்கூட்டியே அழுதபடி கொய்யா தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடியும் நேரம். கோல் எதுவும் இல்லை. சிறுத்தை பந்தோடு பாய்ந்தது. செங்கமலத்தின் மடியில் அவள் குட்டி. அதன் கையில் ஒரே ஒரு வாழைப்பழம், அந்தக் காட்டிலேயே கடைசிப் பழம்.

"அம்மா, உரிச்சுத் தாயேன்."

"இருடா கண்ணு, இரு." செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள். 'சாமி, இந்த ஒரு தடவை வெளியே அடிக்கட்டும்!'

கோல்!

காடே அதிர்ந்தது. எல்லாரும் செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். புண்ணியகோடி வாயைத் திறந்து காத்திருந்தார். அவள் குட்டியின் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கி, அழுதுகொண்டே எறிந்தாள்.

நீதி: ஒரு கழகம் உருப்பட நல்ல முதலாளி அவசியம். அப்படி ஒருவர் பக்கத்துக் காட்டுக் கழகத்துக்குக் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.