வீட்டுக்கு மாற்றுச்சொல்

சொல்வள நாடு என்றொரு நாடு இருந்தது. எங்கே என்று கேட்காதீர்கள். வரைபடத்தில் தேடினால் உங்களுக்குத்தான் தலைவலி. அந்த நாட்டில் ஒவ்வொரு வாசலுக்கு மேலும் ஒரு பலகை தொங்கும். உள்ளே இருப்பது கடையா, கோயிலா, வீடா என்று அரசாங்கமே அதில் எழுதி வைக்கும். அதிகாரிகள் பலகையை மட்டும்தான் பார்ப்பார்கள். அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பலருக்குக் கழுத்துச் சுளுக்கு நிரந்தரமாகிவிட்டது. பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர்களுக்குப் பதவிக்கு இழுக்கு.

பலகை எழுதும் வேலை செங்கமலத்துடையது. தலைநகரின் கால்வாய்க்கரையில் இருந்த எழுபது வீடுகளில் ஒன்றில் அவள் குடியிருந்தாள். மகள் பூங்கோதை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

அந்த வருடம் அயல்நாட்டுப் பேரரசர் ஒருவர் விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. அரண்மனை உப்பரிகையில் நின்றால் முதலில் தெரிவது கால்வாய்க்கரைதான். கொடியில் காயும் பாவாடையும் கூரைமேல் காயும் கருவாடும் பேரரசர் கண்ணில் படலாமா? இடித்துவிட வேண்டியதுதான். ஆனால் ஒரு சிக்கல். மன்னர் எழிற்கொற்றன் முடிசூடியபோது ஊரறிய உறுதிமொழி எடுத்திருந்தார்: "என் குடிமக்களின் வீட்டைத் தொடேன். தொட்டால் முடி துறப்பேன்."

முடியைத் துறக்க அவருக்கு விருப்பமில்லை. சொல்லமைச்சர் நாவிளங்கோவை அழைத்தார்.

"மன்னர் வருந்தலாகாது," என்றார் அமைச்சர். "வீட்டைத்தானே தொடக் கூடாது? நம் மொழியில் மாற்றுச்சொல்லுக்கா பஞ்சம்?"

முதல் ஆணை மறுநாளே வந்தது. கால்வாய்க்கரையில் உள்ளவை இனி வீடுகள் அல்ல, உறைவிடங்கள். செங்கமலம் ஆணையைப் படித்துவிட்டு அமைச்சரிடமே போய்க் கேட்டாள்.

"ஐயா, ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு மாத்தணும்?"

"பொருள் ஒன்றுதான் அம்மா. சாயல்தான் வேறு. சாயலுக்கு யாராவது சண்டை போடுவார்களா?"

அவளும் நம்பி எழுதினாள். அரசாங்கத் தண்ணீர் வண்டி வீடுகளுக்கு மட்டும்தான் தினமும் வரும் என்பது அதற்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. உறைவிடங்களுக்கு வாரம் ஒரு முறை.

மாதம் திரும்புவதற்குள் உறைவிடம் தங்குமிடமாயிற்று. தங்குகிறவர்கள் எப்படியும் கிளம்பப்போகிறவர்கள்தானே என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டார்கள். பூங்கோதைக்கு வலி கண்டபோது அரசாங்க மருத்துவச்சி வாசல் வரை வந்தாள். பலகையை அண்ணாந்து பார்த்தாள். தங்குமிடத்தில் பிரசவம் பார்க்கத் தனக்கு உத்தரவில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த நான்கு பேரால்தான், அரசாங்கத்தால் அல்ல.

மூன்றாவது ஆணையில் அது ஒதுங்குமிடம் ஆனது. மழைக்கு ஒதுங்கலாம், மழை விட்டதும் போய்விட வேண்டும் என்று விளக்கவுரையும் இணைத்திருந்தார்கள். வானம் வெளுத்ததும் காவலர்கள் வந்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள். மேகம் திரண்டால் உள்ளே போகலாம். தூறல் போதுமா, கனமழை வேண்டுமா என்று ஆராய அரண்மனை ஒரு குழு அமைத்தது. குழு நிழலில் உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பத்து நாள் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு பூங்கோதை கால்வாய் மேட்டில் வெயிலில் நின்றாள்.

"நீ எழுதினதும்மா," என்றாள் தாயிடம். "மூணு தடவையும் நீ எழுதினது."

செங்கமலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன் கையை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நான்காவது ஆணை ஒரே சொல்தான்: ஆக்கிரமிப்பு. அன்றைக்கே பலகைகள் மாற வேண்டும், மறுநாள் காலை யானைப்படை வரும் என்று அடியில் குறிப்பு. செங்கமலம் சாயக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் அமைச்சரின் மேசைமேல் வைத்தாள்.

"இந்த எழவை நான் எழுத மாட்டேன்."

"வேறொருவர் எழுதுவார்."

"எதுல எழுதுவாங்க?"

அவள் திரும்பி வந்து தன் வாசல் பலகையைக் கழற்றி, இரண்டாக உடைத்து அடுப்பில் வைத்துப் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியும் தன் பலகையைக் கழற்றினாள். பொழுது சாய்வதற்குள் கால்வாய்க்கரையில் எழுபது அடுப்பும் அரசாங்கப் பலகையில் எரிந்தன.

காலையில் பன்னிரண்டு யானைகள் வந்தன. படைத்தலைவர் மாறப்பன் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். பலகை ஒன்றுகூட இல்லை. பலகை இல்லாததை இடிக்க அவருக்குச் சட்டத்தில் அதிகாரமில்லை. அப்படி இடிப்பதானால் சொல்லமைச்சரே நேரில் வந்து வாயால் ஆணையிட வேண்டும். முரசறைபவன் அதை ஊருக்குக் கேட்கும்படி மூன்று முறை சொல்ல வேண்டும். ஆளனுப்பினார்கள். நாவிளங்கோ பல்லக்கில் வந்து இறங்கினார். பலகை இல்லாத தெருவை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்த ஆக்கிரமிப்பிலிருந்து தொடங்குங்கள்!"

"எந்த ஆக்கிரமிப்புங்க ஐயா? எழுபது இருக்கே."

"பச்சைக் கதவு போட்ட ஆக்கிரமிப்பு."

"பச்சைக் கதவு ஆறு இருக்குங்க. எனக்குச் சரியா அடையாளம் சொல்லணும். தப்பா இடிச்சா என் வேலை போயிரும்."

மாறப்பனின் முகத்தில் சலனமில்லை. அவர் நிஜமாகவே கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"வாசலில் கோலம் இருக்கிறது பார்."

"எல்லா வாசல்லயும் இருக்குங்க."

வெயில் ஏறியது. அமைச்சரின் நெற்றிச் சந்தனம் வழிந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே பூங்கோதையின் பிள்ளை வீரிட்டது. அமைச்சருக்குப் பொறுமை போயிற்று.

"அடேய் மடையா! பிள்ளை அழுகிற சத்தம் கேட்கவில்லையா? அந்த வீடு! அந்த வீட்டை இடி!"

முரசறைபவன் தன் கடமையைச் செய்தான். "அந்த வீட்டை இடி! அந்த வீட்டை இடி! அந்த வீட்டை இடி!"

தெரு முழுக்கச் சிரித்தது. அமைச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். மாறப்பன் வணங்கினார்.

"வீடுன்னு நீங்களே சொல்லிட்டீங்க ஐயா. தொட்டா ராஜா முடியை இறக்கணும். யானையைத் திருப்புங்கப்பா!"

மறுநாள் அரசாணை இதழில் மன்னரின் கருணையைப் போற்றிப் பத்துப் பக்கம் வந்தது. கால்வாய்க்கரையில் இருப்பவை வீடுகளே என்றும், அப்படி இல்லை என்று சொன்னவர்கள் தேசத்துரோகிகள் என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

பேரரசர் வரும் நாள் நெருங்கியிருந்தது. எட்டாம் நாள் நாவிளங்கோ மறுபடியும் பல்லக்கில் வந்தார். இந்த முறை பின்னால் ஒரு வண்டி நிறையச் சின்னச் சின்னப் பலகைகள். கழுத்தில் மாட்டக் கயிறும் கோத்திருந்தது.

"வீட்டைப் பற்றி இனிப் பேச்சே இல்லை, அம்மா," என்றார் குழைவாக. "குடிமக்களின் வீட்டைத் தொட மாட்டோம். ஆனால் அது குடிமக்களின் வீடாக இருக்க வேண்டுமல்லவா?" ஒரு பட்டியலை நீட்டினார். குடிமகனுக்கு மாற்றுச்சொற்கள்: வசிப்பவர், தங்கியிருப்பவர், ஒதுங்கியவர், வந்தேறி. "பொருள் ஒன்றுதான். சாயல்தான்..."

"தெரியும்," என்றாள் செங்கமலம். ஒரு பலகையை எடுத்து மடியில் வைத்துத் தூரிகையைத் தோய்த்தாள். "மொதப் பலகை உங்களுக்கு. சொல்லுங்க, நீங்க யாரு?"

"நானா? நான் இந்நாட்டுக் குடி..."

அவர் நிறுத்திக்கொண்டார். கழுத்தில் பலகை இல்லாத எவரும் அந்தச் சொல்லைத் தமக்குச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அன்று காலைதான் அவரே கையெழுத்திட்டிருந்தார்.

"எழுதம்மா," என்றார் மெதுவாக. "சீக்கிரம் எழுது."

கால்வாய்க்கரை முழுவதும் வெளியே வந்து பல்லக்கைச் சுற்றி நின்றது. செங்கமலம் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"நீங்க இந்த நாட்டுல பொறந்ததுக்குச் சாட்சி இருக்கா ஐயா?" என்று கேட்டாள்.