பிரிவு பதினான்கின்படி இரண்டு படகு

கூரிம்பா விரிகுடாவில் ஓர் ஆண் ஓய்வு பெற்றதும் அவனுக்கு இரண்டு கடமைகள் வந்து சேரும். ஒன்று, ஒற்றையுடல் பாய்ப்படகு வாங்குவதா, இரட்டையுடல் கட்டமரான் வாங்குவதா என்று முடிவு செய்வது. மற்றது, அந்த முடிவைச் சாகும்வரை தள்ளிப்போடுவது. குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மெர்வ் டாக்கர் இரண்டையும் ஒன்பது வருடமாகக் குறைவில்லாமல் செய்துவந்தார்.

ஒற்றையுடல்காரர்கள் தாடி வளர்ப்பார்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சூடான தேநீர் மடியில் கொட்டினால்தான் அது கடலோட்டம் என்பார்கள். கட்டமரான்காரர்கள் தாடிக்குப் பதில் காப்பி இயந்திரம் வைத்திருப்பார்கள். கட்டமரான் என்றதும் நாலு மரத்தைக் கயிற்றால் கட்டியது என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். தண்ணீரில் இரண்டு நீளமான உடல், அவற்றின் மேல் குறுக்கே ஒரு கூடம், கூடத்தில் சோபா, குளிர்பெட்டி என்று அது மிதக்கும் வீடு. இரு கட்சியாரும் ஒருவர் படகில் ஒருவர் பீர் குடிப்பதில்லை.

மெர்வ் மனசுக்குள் ஒற்றையுடல் கட்சி. அவர் மனைவி க்ளெனிஸ் எந்தக் கட்சியும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் அவர் குறட்டையைக் கேட்ட கட்சி.

"உனக்கு ஒரு உடல், எனக்கு ஒரு உடல். நடுவுல கூடம்" என்றார் க்ளெனிஸ். "சரின்னா வீட்டை வித்துட்டு உன்கூட வரேன். இல்லேன்னா நீ மட்டும் போ. போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடு."

ஒன்பது வருடப் பிரச்சினை ஒன்பது விநாடியில் தீர்ந்தது. வீடு போயிற்று, கட்டமரான் வந்தது. ஜூனில் தெற்குக் காற்று கிளம்பியதும் வடக்குத் தீவுகளுக்குப் போய்விடுவது என்று ஏற்பாடு. நகரமன்றத்துப் பதிவு ஒன்றுதான் பாக்கி.

கரையோர ஒழுங்கு அலுவலர் ப்ரென்டன் பாப்பிள்வெல் வந்தான். முப்பத்தொரு வயது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் விதிப்புத்தகம். குனிந்து படகின் அடியைப் பார்த்தான். விரல்விட்டு எண்ணினான்.

"ரெண்டு படகு கொண்டாந்திருக்கீங்க மெர்வ். விண்ணப்பம் ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதானே தம்பி நிக்குது."

"பிரிவு பதினாலு. 'நீரில் அமிழ்ந்து மிதக்கும் உடல் ஒவ்வொன்றும் ஒரு படகாகக் கருதப்படும்.' நான் எண்ணிட்டேன். ரெண்டு."

"அப்ப நீ ரெண்டு காலையும் தண்ணில விட்டா ரெண்டு படகா?"

ப்ரென்டன் நேர்மையாக யோசித்தான். "நான் மிதக்க மாட்டேன் மெர்வ்."

இரண்டு படகுக்கு ஒரே பெயர் கூடாது. இடது உடலுக்குப் 'பொறுமை' என்றும் வலது உடலுக்குக் 'குறட்டை' என்றும் க்ளெனிஸ் தன் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு மாலுமித் தலைவர் வேண்டும். இருவரும் தேர்வு எழுதினார்கள். க்ளெனிஸ் தொண்ணூற்றேழு வாங்கினார். மெர்வ் மறுதேர்வில் தேறினார்.

"இப்பவாவது முடிஞ்சுதா?" என்றார் மெர்வ்.

"படகு ரெண்டும் முடிஞ்சுது. நடுவுல இருக்கே, அது என்ன?"

"கூடம்."

"படகு உடலோட முடிஞ்சுபோச்சு. அதனால இது படகு இல்ல. தண்ணிக்கு மேல, ரெண்டு படகை இணைச்சுக்கிட்டு, மனுஷங்க நடக்கற மாதிரி ஒண்ணு." ப்ரென்டன் பக்கத்தைப் புரட்டினான். முகம் மலர்ந்தது. "துறைமேடை. துறைமேடைன்னா பொதுச்சொத்து. காலை ஆறுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் யாரும் வரலாம்."

மறுநாளே கூடத்தில் அறிவிப்புப் பலகை வந்தது, குப்பைத் தொட்டி வந்தது. சோபாவைப் பொது இருக்கையாக நகரமன்றம் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டது. காலை ஆறுக்கு லெஸ் விட்பி என்ற பெரியவர் தூண்டிலும் வாளியுமாக வந்து உட்கார்ந்தார்.

"சோபா ஈரமா இருக்கே க்ளெனிஸ். எவனோ இதுமேல இறால் வச்சிருக்கான்."

"நீதான் லெஸ். நேத்து."

"அப்படியா? ருசியான இறால் அது" என்றார் லெஸ், மன்னித்துவிட்டவராக.

இதையெல்லாம் மெர்வ் பொறுத்துக்கொண்டார். காற்று கிளம்பினால் தாமும் கிளம்பிவிடலாமே. புறப்படும் நாளைச் சொல்லப் போனபோது ப்ரென்டன் வருத்தத்துடன் தலையாட்டினான். பொதுச்சொத்தைத் துறையை விட்டு நகர்த்தினால் அது திருட்டு.

"படகு ரெண்டும் தாராளமாப் போகலாம். மேடையை மட்டும் விட்டுட்டுப் போங்க."

"நடுவுல இருக்கறதை விட்டுட்டு எப்படிய்யா போறது?"

"அது கடலோட்டம் சம்பந்தமான கேள்வி. என் துறை கரையோரம்."

ஊர் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தது. அதிலும் ரெக்ஸ் ஹாலிடேவின் சிரிப்பு அக்கரைக்குக் கேட்டது. ரெக்ஸ் ஒற்றையுடல் கட்சித் தலைவர், தொப்புள்வரை தாடி, மெர்வின் பள்ளிக்கூடத்து நண்பர். தினமும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, மெர்வின் சோபாவில் உட்கார்ந்து, மெர்வின் குளிர்பெட்டியைத் திறந்தார்.

"ஒத்தை உடம்பு வாங்குன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே மச்சான், கேட்டியா?"

"எழுந்திரு ரெக்ஸ். இது என் வீடு."

"பலகையைப் படி. நான் பொதுமக்கள்."

பிரிவு பதினான்கை ரத்து செய்யக் கோரி மெர்வ் மனுப் போட்டார். நகரமன்றம் பொதுக்கூட்டம் கூட்டியது. வாசலில் ரொட்டியில் சுற்றிய சாசேஜ் இறைச்சி கொடுத்தார்கள், அதனால் நல்ல கூட்டம். ரத்து வேண்டும் என்று இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று மெர்வுடையது, மற்றது க்ளெனிஸுடையது. மனுவில் 'பாரபட்சம்' என்ற சொல் இருந்ததால், பாரபட்சத்தை நீக்கும் திருத்தம் ஒன்றை ப்ரென்டன் எல்லோருக்கும் விநியோகித்தான். பிரிவு நீடிக்க வேண்டும், திருத்தத்தோடு நீடிக்க வேண்டும் என்று ரெக்ஸ் இரண்டு கையையும் தூக்கினார். கூட்டமே தூக்கியது.

"நாலாம் பக்கம் படிச்சியா ரெக்ஸ்?" என்று க்ளெனிஸ் கேட்டார்.

"கட்டமரான்காரங்க தலைவலி அது. நான் எதுக்குப் படிக்கணும்?"

நாலாம் பக்கம் இப்படிச் சொன்னது: ஒற்றையுடல் படகுகள் பொதுமக்களுக்குத் துறைமேடை எதுவும் அளிக்காமல் தம் சமூகக் கடமையிலிருந்து நழுவி வருகின்றன, ஆகவே அவை முப்பது நாளுக்குள் அடுத்தடுத்த இரண்டாக இணைந்து, நடுவே ஒரு மேடை அமைத்துக்கொள்ள வேண்டும்.

முப்பத்தோராம் நாள் கூரிம்பாவில் கட்டமரான் அல்லாத பாய்ப்படகு ஒன்றுகூட இல்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த விவாதம் ஒரே மாதத்தில் முற்றுப்பெற்றது. பொதுமேடைகள் பெருகியதும் ஊரில் எல்லோருமே தூண்டில்காரர்கள் ஆனார்கள், படகு வைத்திருந்தவர்களைத் தவிர. ரெக்ஸின் படகுக்கு இணையாக வாய்த்தது காலின் பிட்மனின் படகு. காலின் சாதுவான மனிதர். அறுபத்தாறு வயதில், காற்றுப் பையை அமுக்கி ஊருக்கே கேட்க ஊதும் ஸ்காட்லாந்துப் பைக்குழல் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று.

மெர்வ் இப்போது தன் சோபாவில் லெஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே ரெக்ஸ் காதில் பஞ்சோடு தாடியைப் பிய்த்துக்கொள்வதைப் பார்க்கலானார். அவருக்குப் பசி நன்றாக எடுத்தது. தூக்கம் நன்றாக வந்தது. குழல் சத்தம்கூடப் போகப்போகப் பிடித்துவிட்டது.

ஜூன் பிறந்தது. தெற்குக் காற்று வந்தது. ரத்துத் தீர்மானமும் இரண்டாவது முறையாக வந்தது, இந்தத் தடவை ரெக்ஸின் கையெழுத்தோடு. படகுக்காரர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். லெஸின் தலைமையில் தூண்டில்காரர்கள் யாரும் தூக்கவில்லை. மேயர் இரண்டு தடவை எண்ணினார். ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு முப்பத்தொன்று, பாக்கி ஒருவர். சமமாக நின்றால் தீர்மானம் தோற்றுவிடும்.

"மெர்வ், காத்து அடிக்குது" என்றார் க்ளெனிஸ், தூக்கிய கையை இறக்காமல். "கையைத் தூக்கு. நாளைக்கே கிளம்பிடலாம்."

"மச்சான்" என்றார் ரெக்ஸ். காதுப் பஞ்சை எடுத்துக் காட்டினார். "காலின் இன்னிக்கு ஒரு புதுப் பாட்டு ஆரம்பிச்சிருக்கான் மச்சான்."

மெர்வ் ரெக்ஸைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நீலமாகக் கிடந்த கடலையும் பார்த்தார். எதிரிக்குச் சகுனம் கெடட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவன்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பான். மெர்வின் ஒரு கையில் சாசேஜ் இருந்தது, மறு கையில் பீர் இருந்தது. இரண்டில் எதையும் அவர் கீழே வைக்கவில்லை.

ப்ரென்டன் குறிப்பேட்டில் எழுதினான்: 'பொதுமக்களின் விருப்பத்துக்கு இணங்கப் பிரிவு பதினான்கு நீடிக்கிறது.' அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதியவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான்.