பாஸ்ட் இயர் அண்ணன் எழுதிய பரீட்சை

எங்கள் ஊர் சிலிபினிலிருந்து பல்கலைக்கழகம் போன எந்தப் பிள்ளையும் பாஸ்ட் இயர் அண்ணனிடம் திட்டு வாங்காமல் போனதில்லை. நான் வாங்கவில்லை என்று யாராவது சொன்னால், அது பச்சைப் பொய்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. போட்டோஸ்டேட் கடைக்காரர். 'பாஸ்ட் இயர்' எனப்படும் முந்தைய ஆண்டுகளின் தேர்வுத் தாள்களைத் தேடிப்பிடித்து, நகலெடுத்து, ஸ்டேப்ளர் அடித்துக் கட்டாகத் தருவார். அதையும் கேட்டவுடன் தந்துவிட மாட்டார். "போன தடவ வாங்குனத முடிச்சியா? காட்டு," என்பார். வெற்றுப் பக்கம் கண்ணில் பட்டால் தீர்ந்தது. கடையிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும். ஒருமுறை அடையாள அட்டையை நகலெடுக்க வந்தவரையும் உட்கார வைத்துவிட்டார். பாவம், அவருக்கு அன்று கல்யாணப் பதிவு.

என் மகள் கவிதா முவெட் எழுத வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் போக அவசியமான ஆங்கிலத் தேர்வு அது. அதன் தரநிலையில் குறைந்தது பேண்ட் நான்கு வராவிட்டால், அவள் ஆசைப்பட்ட சட்டப் படிப்பு கிடையாது. அண்ணன் தந்த கட்டை வைத்துக்கொண்டு தினமும் கிராஃப் பார்த்து அறிக்கை எழுதிப் பழகினாள். அப்போதுதான் தேர்வை மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"அங்கிள், இப்ப கிராஃப் வராதாம். இமெயில் எழுதணுமாம். நெட்ல போட்டிருக்கு."

"நெட்ல போட்டவன் உள்ள உக்காந்து பாத்தானா? எத்தன வருசமா பாக்குறேன் லா! அட்டைய மாத்துவாங்க, கேள்வி அதேதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அண்ணே, ஒங்க பிடிவாதத்துக்கு எம் பொண்ணு படிப்பா கெடைச்சுது?"

மனிதர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நானே போயி பாத்துட்டு வாரேன்," என்றார்.

எங்கே போவார் என்று நினைத்தேன். அட, தனித் தேர்வாளராகப் பதிந்துகொண்டு, கவிதாவுக்கு முந்தின தவணையில் பரீட்சையே எழுதிவிட்டார்! ஐம்பத்தெட்டு வயதில், மீசைக்கு மை தடவிக்கொண்டு. கண்காணிக்க வந்த ஆசிரியை அந்தக் காலத்தில் அவர் கடையில் உட்கார்ந்து எழுதியவராம். இவரைப் பார்த்ததும் பயத்தில் எழுந்து நின்றுவிட்டாராம்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள். கையில் ஸ்டேப்ளர் பின் பிடுங்கும் இடுக்கி.

"கட்ட எடும்மா. கிராஃப் இல்ல, இமெயில்தான். நான்தான் தப்பு."

கிராஃப் பக்கங்களைத் தன் கையாலேயே பிய்த்தார். வாசிப்புப் பகுதி வந்ததும் நிறுத்தினார். "இது இருக்கட்டும். படிச்சுப் புரிஞ்சுக்கிறது எந்தக் காலத்துக்கும் வேணும்." அன்று பக்கத்து ஊரான லகாட் வரைக்கும் போய், தன் கட்டு இருந்த வீடெல்லாம் ஏறி இறங்கினார். தன் சரக்கைத் தானே கிழித்த வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

கவிதா இமெயில் எழுதிப் பழகினாள். பேண்ட் நான்கு வந்தது. சொல்லலாம் என்று கடைக்கு ஓடினேன். இயந்திரத்துக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி, அவருடைய முடிவுத்தாள் ஒட்டியிருந்தது. பேண்ட் இரண்டு.

"அண்ணே, இத ஏன் ஒட்டி வச்சிருக்கீங்க? வெக்கமா இல்லயா?"

"இதப் பாத்தாதானேம்மா புள்ளைங்க நம்பும், நான் உள்ள போயி பாத்தேன்னு."

சிரிக்க வாயெடுத்தவள், அந்தத் தாளின் மடங்கிய ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டேன். அடுத்தவர் பிள்ளைக்காகப் பேண்ட் இரண்டு வாங்கிய மனிதர், நான் பார்த்தவரை இவர் ஒருவர்தான்.