ஒரு சாரியும் ஒன்பது தமிழும்

‘சாரி’ என்ற சொல்லைத் தமிழில் எழுத ஐந்து நிமிடம் போதும் என்று நான் நம்பினேன். நம்பியவன் சின்னப் பையன் அல்ல. கல்யாண வயதில் மகளும், காதோரம் நரையும், சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரையும் உள்ளவன். அந்த ஐந்து நிமிடம் பதின்மூன்று நாள் ஓடியது. காரணம், ‘அல்லது’ அண்ணன்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மனிதனின் பொறுமையைச் சோதிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சபரிமலை சீசனில் குமுளி மலைப்பாதையில் நாலு மணி நேரம் வண்டிக்குள் சிரித்தபடி உட்கார்ந்திருப்பவனை அண்ணன் கடைக்கு அனுப்புங்கள். பத்தாவது நிமிடம் செருப்பை விட்டுவிட்டு ஓடிவருவான்.

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆங்கிலத்திலிருந்து தமிழ். முதல் இரண்டும் உடனே கிடைக்கும். மூன்றாவதுதான் வில்லங்கம். எந்த ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாலும் ஒரு தமிழ்ச் சொல் எழுதி, பக்கத்தில் ‘அல்லது’ என்று போட்டு, இன்னொன்று எழுதி, மறுபடியும் ‘அல்லது’ போட்டு நிமிர்ந்து பார்ப்பார். அதனால்தான் ‘அல்லது’ அண்ணன்; அப்பா அம்மா வைத்த பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை.

மெஸ் வைத்திருக்கும் ஒருவர், சமையற்கட்டு வாசலில் மாட்ட ‘பிரைவேட்’ என்பதற்குத் தமிழில் ஒரு பலகை கேட்டார். “தனியார்னு போட்டா பஸ்ஸுன்னு நெனப்பாக. அந்தரங்கம்னு போட்டா எட்டிப் பாப்பாக” என்றார் அண்ணன். இரண்டு நாள் மத்தியானம் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யார் தப்பாக நுழைகிறார்கள் என்று பார்த்தார். மூன்றாம் நாள் பலகை வந்தது: ‘உள்ளே அடுப்பு எரிகிறது.’ அதற்குப் பிறகு ஒரு ஈ நுழையவில்லை. மெஸ்காரர் மட்டும், “நான் கேட்டது ஒரு வார்த்தையப்பா” என்று இன்றைக்கும் புலம்புகிறார்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன்? வாய்க்கொழுப்பு.

என் மகளின் நிச்சயதார்த்தத்தில் யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மைக் கொடுப்பது குரங்கு கையில் தீப்பெட்டி கொடுக்கிற மாதிரி என்று என் மனைவி சொல்வாள். மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கட்டுமே என்று, “எங்க மச்சான் கொண்டுவர்ற சீரு அவுக தோட்டத்துத் திராட்சை மாதிரி. குலை பாக்கப் பெருசா இருக்கும், பிச்சுப் பாத்தா பாதி வெம்பல்” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாம்பாளத்தை வைத்துவிட்டு, காமயகவுண்டன்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார். அந்த வாரம்தான் மழையில் அவர் தோட்டத்துப் பழமெல்லாம் வெடித்து அழுகியிருந்ததாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருப்பேன் என்பது என் மனைவியின் கட்சி.

கல்யாணத்துக்குப் பதினாலு நாள் இருந்தது. தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் மணமேடை ஏறுவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். ஏறினால் பத்து வருஷத்துக்குப் பேசுவார்கள். நான் உடனே வாட்ஸப்பில் ஆங்கிலத்தில் ‘சாரி’ என்று அடித்து, கும்பிடுகிற கையும் போட்டு அனுப்பினேன். பதில் அவர் தங்கச்சி, அதாவது என் மனைவி, வழியாக வந்தது.

“எங்கண்ணன் கேக்குறாக,” என்றாள் மனைவி. “பஸ்ல கால மிதிச்சாலும் சாரி, காதுல விழுகலைன்னாலும் சாரி, எழவு வீட்டுக்குப் போனாலும் சாரி. இவரு சொன்னது எந்தச் சாரின்னு தமிழ்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்கிறாக.”

இதென்ன பிரமாதம் என்று போனில் தேடினேன். ‘மன்னிக்கவும்’ என்று வந்தது. மனைவியிடம் காட்டினேன். “பேங்க்ல கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னா இப்பிடித்தான் எழுதி ஒட்டுவாக” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் கடைக்கு ஓடினேன்.

விஷயத்தை முழுக்கக் கேட்டவர், முதல் கேள்வி கேட்டார்: “தம்பி, படிக்கிறவுக ஒக்காந்து படிப்பாகளா, நின்னுக்கிட்டா?”

“அதத் தெரிஞ்சு என்னண்ணே செய்யப் போறீக?”

“நின்னு படிக்கிற ஆளுக்குச் சின்ன வார்த்தையா வேணும். சாப்புடுறதுக்கு முந்தியா, பிந்தியா?”

நான் உத்தேசமாக ‘பிந்தி’ என்றேன். அண்ணன் ஒரு தாளை எடுத்தார். மன்னிக்கவும் அல்லது வருந்துகிறேன் அல்லது பொறுத்தருள்க என்று ஆரம்பித்தார். முதல் நாள் முடிவில் ஒன்பது சொற்கள் இருந்தன. நாளைக்கு ஒன்றாகக் குறைத்துவிடுவார் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஒன்பதும் அப்படியே இருந்தன.

“ஏண்ணே, வருந்துகிறேன்னு போட்டு முடிங்கண்ணே.”

“ஒனக்கு வருத்தம். அது ஒன் சொந்த விசயம். அதுல அவுகளுக்கு என்ன?”

“அப்ப மன்னிக்கவும்.”

“தப்புப் பண்ணுனது நீயி. மன்னிக்கிற வேலை அவுகளுக்கா? வேலை வைக்கிறயே தம்பி.”

“பொறுத்தருள்க?”

“சூடம் கொளுத்தணும்.”

“சரிண்ணே, தவறு நேர்ந்துவிட்டது. அதப் போடுங்க.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அதுவா வந்து நேந்துச்சாக்கும்? நீதான மைக்குல பேசுன?”

இந்தக் கோர்ட்டு விசாரணை தினமும் நடந்தது. நடுவில் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் என் தாளைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். கூடலூர் ஜீப் டிரைவர் ஒருவர் நாலாவது சொல்தான் கம்பீரம் என்றார். நர்சிங் படிக்கும் ஒரு பெண், “ஆளு ரொம்பப் பெரிய தப்புப் பண்ணிருப்பாரு போல” என்று என்னைப் பார்த்தபடியே சொன்னாள். நான் தலைமுடிக்குச் சாயம் அடிக்க நினைத்திருந்தேன். அது தேவையில்லை, முடியே மிஞ்சாது என்று தோன்றியது. மண்டபத்துக்காரர் போன் செய்தால் எடுக்காமல் விட்டேன். கனவில் ஒன்பது தாய்மாமன்கள் வரிசையாக வந்து, ஒருவர்கூட மேடை ஏறாமல் திரும்பிப் போனார்கள்.

பதினோராம் நாள் போனால் கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் அசராமல் சொன்னார்: “காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ல ஏறுனாக. கையில ஒங்க தாளு இருந்துச்சு.”

எழுதி முடிக்காத மன்னிப்பை, அதுவும் அடித்தல் திருத்தலோடு, சம்பந்தப்பட்ட ஆளிடமே கொண்டுபோயிருக்கிறார். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். போகிற வழியில் எதிரே வந்த எருமைக்கும் சாரி சொன்னேன்.

தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இரண்டு பேரும் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வாசித்துக்கொண்டிருந்தார். மச்சான், ஜோசியக்காரர் பலன் சொல்வதைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு கல்தூணுக்குப் பின்னால் குனிந்து நின்றேன்.

“அஞ்சாவது எப்பிடி இருக்கு?” என்றார் அண்ணன்.

“அஞ்சு பரவால்ல. ஆனா அந்தத் ‘தங்களை’ங்கிறத எடுத்துருங்க. என்னைய என்னைக்கு அவரு தங்கள்னு கூப்புட்டாரு?”

“எடுத்துட்டேன். ‘மனம் புண்பட்டிருந்தால்’?”

“அதென்ன பட்டிருந்தால்? பட்டுச்சு.”

“பட்டுச்சு,” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அடித்து எழுதினார்.

இப்படியே ஒரு வரி விடாமல் போனார்கள். மச்சான் தாளை வாங்கித் தானே ஒரு சொல்லை எழுதி, பிடிக்காமல் அடித்தார். என்னிடம் கேட்க வேண்டிய சண்டையையெல்லாம் அந்தத் தாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஓசைப்படாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கடிதம் என் கைக்கு வரவே இல்லை. அடுத்த இரண்டு நாளும் அண்ணன், “இன்னும் ரெண்டுல நிக்கிது தம்பி” என்றார். கல்யாணத்தன்று காலையில் மச்சான் பட்டு வேட்டியில், பதினோரு தட்டுச் சீரோடு வந்து இறங்கினார். என் பக்கம் திரும்பாமல் நேரே மகளிடம் போய்க் கையைப் பிடித்தார்.

பந்தியில் அவருக்கு நானே இலை போட்டேன். மெல்லக் கேட்டேன்: “மச்சான், கடைசியில எந்த வார்த்தை ஒங்களுக்குப் புடிச்சுச்சு?”

“ஒண்ணும் வெளங்கல மாப்ள. ஒம்பதும் தேறாது.”

“பெறகு எப்பிடி வந்தீக?”

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: “அன்னைக்குத் தோட்டத்த விட்டுப் பொறப்படுறப்ப அந்த மனுசன் ஒண்ணு சொன்னாரு. ‘அவரு கடையில ஒக்காந்து அழுதாருங்க. அத எழுத எனக்கு வார்த்தை கெடைக்கல’ன்னாரு.”

இத்தனை கதையிலும் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். பத்தாம் நாள் சாயங்காலம், “மாமா வருவாகளாப்பா?” என்று மகள் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் கடைக்கு வந்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். நான் முடிக்கிற வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தார்.