காயிலுக்கு ஜலதோஷம்

“கத்த மாட்டேங்குதே!” என்றார் கோவிந்தராஜன், நாலாவது முறையாக.

நீலசந்திராவில் தங்கை ஜானகியின் வீட்டு வாசலில், போன வாரம் போட்ட புதுத் தார் ரோட்டை மெட்டல் டிடெக்டரால் தடவிக்கொண்டிருந்தார். நீளக் கம்பின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். அதுதான் காயில். கீழே இரும்பு இருந்தால் ‘கீய்ங்’ என்று கத்த வேண்டும். அது வாயையே திறக்கவில்லை.

நடந்தது இதுதான். ஏதோ ரிப்பேருக்காகத் தெருவின் தண்ணீர் வால்வை மூடினார்கள். அதைத் திறப்பதற்குள் வேறொரு ஆபீஸ்காரர்கள் வந்து ரோடு போட்டுவிட்டுப் போனார்கள். வால்வுக் குழியின் மூடி தாருக்கு அடியில் போய்விட்டது. அது இருக்கும் இடம் உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் வால்வ்மேன் டென்சில். அவர் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். நாலு நாளாகத் தெருவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நாளைக் காலை ஜானகியின் மகள் சிந்துவுக்கு நிச்சயதார்த்தம். ஆம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வருகிறார்கள்.

கோவிந்தராஜன் தண்ணீர்க் குழாய் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். “தாய்மாமன் சீரா தண்ணியைக் கொண்டுவரேன், பாரு!” என்று நேற்று மார்தட்டியிருந்தார். அதை நம்பி ஜானகி வேறு ஏற்பாடே செய்யவில்லை. பாவம், அண்ணன் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“இங்கதான்ணா மூடி இருந்துச்சு. தோண்டிப் பாரேன்.”

“மெஷின் சொல்லாம புது ரோட்டைத் தோண்டக் கூடாதும்மா. நானே ஆபீசுக்கு லெட்டர் எழுதியிருக்கேன்.”

லெட்டர் எழுதுவது அவருக்கு ஒரு வியாதி. சாக்கடை அடைத்தால் லெட்டர், ஆபீஸ் டீயில் சர்க்கரை குறைந்தால் லெட்டர். அனுப்பியதும் மறந்துவிடுவார். அடுத்த லெட்டர் காத்திருக்குமே!

சாவிக்கொத்தை ரோட்டில் போட்டுக் காயிலைக் காட்டினார். கீய்ங்!

“சாவிக்குக் கத்துதே, மாமா. அப்ப மெஷின் நல்லாத்தானே இருக்கு?” என்றாள் சிந்து. கால் சென்டரில் வேலை. கேள்வி கேட்டே பழகியவள்.

“அங்கதான் சூட்சுமம். இத்தனூண்டு சாவிக்குக் கத்துது, அவ்ளோ பெரிய மூடிக்குக் கத்தல. காயிலுக்கு ஜலதோஷம்! கவர் ஓரத்துல சீல் விட்டுப்போய் உள்ள ஈரம் ஏறியிருக்கு.”

ஒரு ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி, ஜானகி காட்டிய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார். காயிலின் அடியில் இருந்த பிளாஸ்டிக் கவரை பிளேடால் நெம்பினார். ஓரத்து சிலிக்கான் பசையைச் சுரண்டி எடுத்தார். உள்ளே ஈரம் இல்லை. ஒரு சிட்டிகை மண் இருந்தது.

“பார்த்தியா!” என்றார், வியாதியைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி.

துடைத்து, கவரை மாட்டி, ஓரம் பூரா புது சிலிக்கானைப் பிதுக்கினார்.

“இது காய எவ்ளோ நேரம்ணா?”

“ஒரு நாள்.”

“ஒரு நாளா? நிச்சயமே முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆம்பூர் போய்ச் சேர்ந்துடுவாங்கண்ணா!”

சிந்துவின் ஹேர் டிரையர் வந்தது. மூன்றே நிமிஷம். சிலிக்கான் காயவில்லை. கவர்தான் எண்ணெயில் போட்ட அப்பளமாக நெளிந்து ஒரு பக்கம் வாயைப் பிளந்தது.

“அய்யய்யோ!” என்றார் கோவிந்தராஜன். கம்பெனிக்கே இருந்தது அந்த ஒரு காயில்தான்.

எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி, “நீரு பந்தா, சார்?” என்று, தண்ணீர் வந்ததா எனக் கன்னடத்தில் கேட்டார்.

“பரத்தே, பரத்தே. ஸொல்ப இரி” என்று, வரும், கொஞ்சம் பொறுங்கள் எனச் சொல்லிக் கோவிந்தராஜன் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தார். நாளைக்குப் பூவும் பழமும் வைக்க வாங்கிய பிளாஸ்டிக் சீர்த்தட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றைக் காயிலின் மேல் வைத்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

“அது சம்பந்தி கையில கொடுக்கற தட்டுண்ணா!”

“தண்ணி இல்லாம தட்டை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவே?”

பைப் ஒழுகினால் அடைக்கிற எம்-சீலைப் பிசைந்து சுற்றி ஒட்டினார். பத்து நிமிஷம் காத்திருந்து சுவிட்சைப் போட்டார். கீய்ய்ய்ங்! நிற்கவே இல்லை. ரோட்டைக் காட்டினாலும் கீய்ங், சுவரைக் காட்டினாலும் கீய்ங். தலைக்கு மேல் தூக்கினார். அங்கேயும் கீய்ங்.

“வானத்துல எந்த மூடி, மாமா?”

தட்டின் ஓரத்தில் ஜிகுஜிகுவென்று தங்க நிற உலோகத் தகடு ஒட்டியிருந்தது. கத்தியால் சுரண்டினார். முக்கால்வாசி போனது. மீதி எம்-சீலுக்குள் மாட்டிக்கொண்டது. இப்போது மெஷின் நிறுத்தி நிறுத்திக் கத்தியது.

“குணமாயிடுச்சு!” என்று துள்ளினார்.

மெஷின் கத்திய இடத்தில் கடப்பாரையைப் போட்டார். ஒரு சோடா மூடி கிடைத்தது. இன்னொரு இடத்தில் மாட்டு லாடம். மூன்றாவது இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் ஜானகி தொலைத்த எவர்சில்வர் கரண்டி.

“கரண்டி கிடைச்சுதே, அதைச் சொல்லு!” என்றார்.

நாலு மணிக்கு வழக்கமான மழை பிடித்துக்கொண்டது. மூன்று குழியும் நிரம்பின. ஸ்கூட்டர்க்காரர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். குழிகளைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

“தண்ணி கேட்டா குளம் வெட்டிட்டியேண்ணா!” என்ற ஜானகி, காலிக் குடத்தைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “நாற்பது பேருக்கு நான் என்னத்தை வெச்சு சமைப்பேன்? பொண்ணைக் கட்டிக்க வரவங்க முதல் நாளே என்ன நினைப்பாங்க?”

அப்பா போனதிலிருந்து இந்தத் தங்கை கோவிந்தராஜனிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது இந்த ஒரு தண்ணீர்தான். ஸ்டூலில் நனைந்தபடி உட்கார்ந்து, கத்திக்கொண்டே இருந்த மெஷினைப் பார்த்தார். அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

அப்போது சைக்கிள் மணி கேட்டது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு டென்சில் வந்து இறங்கினார். தோளில் வால்வு திருப்பும் நீளச் சாவி.

“இப்பதான் சார் ஊர்லேருந்து வரேன். சொல்லி அனுப்பினீங்களாமே?” என்றவர், குழிகளைப் பார்த்தார், மெஷினின் காலில் மாட்டியிருந்த சீர்த்தட்டைப் பார்த்தார். “கொஞ்சம் எந்திரிங்க, சார்.”

ஸ்டூலை நகர்த்தினார். அது இருந்த இடத்தில் கடப்பாரையால் நாலு போடு போட்டார். தார் பெயர்ந்தது. அடியிலிருந்து மூடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழிக்குள் சாவியை விட்டுத் திருப்பினார். வீட்டுக்குள் குழாய் இருமியது, செருமியது, பிறகு கொட்டியது.

“தண்ணி! தண்ணி வந்துடுச்சு!” என்று சிந்து கத்தினாள். தெரு முழுக்கக் குடங்கள் உருண்டன. ஜானகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உன் சீர் வந்துடுச்சுண்ணா” என்று கோவிந்தராஜனின் கையைப் பிடித்தாள்.

அவருக்கோ மனசு ஆறவில்லை.

“ஏம்ப்பா டென்சில், காலையில இதே இடத்துல நாலு தடவை மெஷினை வெச்சுப் பார்த்தேன். வால்வு ஆழத்துல இருக்கு, அது எட்டாது, சரி. மூடி மேலதானே இருக்கு? அதுக்கு ஏன் கத்தல?”

டென்சில் கக்கத்திலிருந்த மூடியை ஒரு கையால் தூக்கிக் காட்டி, விரலால் ‘டொக் டொக்’ என்று தட்டினார்.

“எப்படி சார் கத்தும்? இந்தத் தெருவுல இரும்பு மூடி ரெண்டு வாட்டி திருட்டுப் போச்சு, ‘ஃபைபர் மூடி போடுங்க, திருடன் ஏமாந்து போகட்டும்’னு லெட்டர் எழுதினதே நீங்கதானே?”