உப்புப் பாலைவனத்துக்கு அனுப்பிய செருப்பு

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலமா இல்லையா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போன வாரத்திலிருந்து உனக்குப் போன் அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை எடுத்தாய். அப்போதும் வாயைத் திறக்காமல், போனை மின்விசிறிக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் மட்டும் உய்யென்று கேட்டது. என் புதுச் செருப்பைத் திருப்பிக் கேட்டுவிடுவேன் என்ற பயம்தானே? கேட்கத்தான் போகிறேன். பழுப்பு நிறம், பித்தளை வளையம், கடை வாசனை கூடப் போகவில்லை. அதை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டு உன் தேய்ந்த செருப்பை என் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்றால் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு போவதா? வேறு வழியில்லாமல் உன்னுடையதைப் போட்டுக்கொண்டுதான் நான் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சரி, அது கிடக்கட்டும், இப்போது கழுத்தைப் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த சஃபாரி யோசனையே உன்னுடையது. “அக்கா, வருஷக்கணக்கா கரும்பலகையில காட்டுக் கழுதை வரைஞ்சியே, ஒரு தடவையாவது நேர்ல பார்க்க வேண்டாமா? நானும் வரேன்” என்று பற்றவைத்துவிட்டு நீ போய்விட்டாய். ஓய்வு பெற்ற உயிரியல் டீச்சருக்கு இது போதாதா? அன்றிலிருந்து உப்புப் பாலைவனச் சரணாலயத்தைத் தவிர வீட்டில் வேறு பேச்சே இல்லை. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அடுப்படியில் நிற்கிறாள். மாடி வீட்டுக்காரர் “எங்க சார் டூர்?” என்றார். கழுதை பார்க்க என்றேன். “அதுக்கு ஏன் சார் அவ்வளவு தூரம்?” என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் உன்னால்தான்.

மூன்று பேருக்கும் இடம் பிடித்தபோது சரணாலயத்து ஆட்கள் ஒரு விதி சொன்னார்கள். அந்த உப்புத் தரையில் ரோடு கிடையாது, மரம் கிடையாது, அடையாளம் சொல்ல ஒரு கல் கூடக் கிடையாதாம். சிலர் அந்த வெளுப்பைப் பார்த்தபடி நடந்துகொண்டே போய்விடுவார்களாம், கூப்பிட்டாலும் காதில் விழாதாம். அதனால் வருகிறவர்கள் நாள்பட்ட செருப்பு ஒரு ஜோடியை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அங்கே தடம் பார்க்கிறவர் அதில் பதிந்திருக்கும் குழியை வைத்து, வெறுங்கால் தரையில் எப்படி விழும் என்று மனசில் ஏற்றிக்கொள்வாராம். லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான், கயிறு அறுவதற்கு முன்பே யோசிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கும். உன் அக்காவின் பழைய செருப்பையும் என் காலில் கிடந்ததையும் கழற்றி அன்றே பார்சல் போட்டேன். உன்னுடையதை நீயே அனுப்பிக்கொள்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது அந்தத் தடக்காரர் போன் செய்தார்.

“சார், நீங்க முன்னாடியே வந்துட்டீங்களா?”

“எங்கய்யா வந்தேன்? என் வீட்டு சோபாவுல இருக்கேன்.”

“இல்ல சார், உங்க கால் இங்க இருக்கு.”

குனிந்து பார்த்தேன். தொப்பை மறைத்தது. காலை நீட்டிப் பார்த்து, இரண்டும் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“உப்புல பதிஞ்சிருக்கு சார். இடது குதிகால் அழுத்தம், பெருவிரல் வெளிப்பக்கமா திரும்பியிருக்கு. நீங்க அனுப்பின செருப்புல இருக்கிற அதே குழி. உள்ள போகுது, திரும்பி வரல.”

“வேற எவனாவது இருப்பான்.”

“காத்து அடிச்சா எல்லாம் அழிஞ்சிரும் சார். ஆனா விடிஞ்சு பார்த்தா மறுபடி புதுசா இருக்கு. தினமும் உள்ள போறது மட்டும்தான்.”

“யோவ், திரும்பாதவன் மறுநாள் எப்படிய்யா மறுபடி உள்ள போவான்?”

போனில் காற்று மட்டும் உய்யென்றது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “அதைத்தான் சார் நாங்களும் பேசிக்கிட்டிருக்கோம்.”

உன் அக்காவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு என் காலையே பார்த்தாள். “உங்க பெருவிரல் எங்க வெளிய திரும்பியிருக்கு? நேராத்தானே இருக்கு?” என்றாள். பயத்தில் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. எழுந்து போய் யாருக்கோ போன் அடித்தாள், எடுக்கவில்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பெட்டியில் துணியைத் திணித்து, “நாளைக்கே கிளம்பணும்” என்கிறாள். பைனாகுலரை எடுத்து வைக்கவே இல்லை. கழுதை பார்க்கப் போகிறவள் செய்கிற காரியமா இது?

எனக்குப் பயமாக இருக்கிறதப்பா. வெளிப்படையாகவே சொல்கிறேன். அங்கே என் கால் எனக்காகக் காத்திருக்கிறது, நான் போனால் திரும்ப மாட்டேன். நான் சொன்னால் உன் அக்கா கேட்க மாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். போனை எடுத்து, பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். எல்லா நலமும் பெற்றுத் தீர்க்காயுசாக இரு. செருப்பை மறக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து எழுதுகிறேன். தடக்காரர் இப்போது மறுபடி பேசினார். தடம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு ஜோடி செருப்பு பக்கத்தில் பக்கத்தில் கழற்றி வைத்திருக்கிறதாம். புதுசாம், பழுப்பாம், பித்தளை வளையமாம். நான் என் காலிலிருந்து கழற்றி அனுப்பியது யாருடைய செருப்பு என்று அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. சின்ன வயசில் உனக்குக் கால் நகம் வெட்டிவிட்டவள் அவள், நேற்றே புரிந்துகொண்டாள். மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. வண்டி வாசலில் நிற்கிறது, நாங்கள் வருகிறோம். இதைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டு வருகிறேன். செருப்பு எனக்கு வேண்டாம்டா. நீயே போட்டுக்கோ. போட்டுக்கிட்டு, திரும்பி நட.