கைக்குட்டை போட்டுப் பிடித்த கடைசி இடம்

"பவானி, இது கழுதை ஆட்டம் இல்லம்மா. போக்கர். இதுக்குக் கொஞ்சம் மூளை வேணும்."

சொன்னவன் ஸ்ரீராம். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன், மயிலாப்பூர்க்காரன். 'கொஞ்சம்' என்று சொல்லும்போது விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு காட்டினான். (உன் கையிருப்பைத்தான் காட்டுகிறாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நல்ல பதில்கள் எனக்கு எப்போதுமே விடுதிக்குத் திரும்பும் பறக்கும் ரயிலில்தான் தோன்றும்.)

எங்கள் நிறுவனத்தில் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து வருடா வருடம் கோவாவில் ஒரு விளையாட்டு விழா நடக்கும். கேரம், செஸ், போக்கர். போக்கருக்குச் சென்னையிலிருந்து ஒருவர்தான் போகலாம். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க, மேலாளர் ரவி சாரின் அடையாறு வீட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். ஜெயிக்கிறவருக்குப் போக வர விமானம்.

விமானம்! அடையாற்றுக் கரையில் எங்கள் வீடு இருந்தபோது, மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் எங்கள் தகரக் கூரைக்கு மேலேதான் போகும். விமானத்தின் அடிவயிறு எனக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. உள்ளே எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. பிறகு ஆற்றங்கரையைக் காலிசெய்து, எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அடிவயிறும் போயிற்று.

ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் மாடிப்படி முழுக்கச் செய்தி. "எம் பொண்ண ஆபீஸ்ல பிளேன்ல அனுப்புறாங்கோ." ஆட்டம் என்ற சின்ன விஷயத்தை அம்மா விட்டுவிட்டாள். இனி நான் தோற்க முடியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எதையும் படித்தே முடித்துவிடலாம் என்று ஒரு வியாதி எனக்கு உண்டு. போக்கரையும் படித்தேன். ரயிலில் நின்றபடி, ஒரு வீடியோவில். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. வட்டமாகச் சுற்றி ஒவ்வொருவராகப் பந்தயம் கட்டவோ விலகவோ வேண்டும். இதில் சீட்டைவிட முக்கியம் உட்காரும் இடமாம். முதலில் பேசுகிறவன் இருட்டில் நடக்கிறான். நல்ல சீட்டு இல்லாமல் அவன் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் பேசுகிறவன் மற்றவர்கள் செய்வதையெல்லாம் பார்த்துவிட்டுப் பேசுகிறான்; மோசமான சீட்டோடும் மிரட்டலாம். அந்தக் கடைசி இடத்துக்கு அடையாளமாக, முன்னால் 'டீலர்' என்று எழுதிய வெள்ளை வில்லை ஒன்று இருக்கும்.

வீடியோவின் மிச்சத்தைப் பார்ப்பதற்குள் என் விடுதி இருக்கும் மந்தைவெளி வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். மிச்சம் எதற்கு? இடம் பிடிப்பதுதானே ஆட்டம்? தி.நகர் பேருந்து நிலையத்தில், ஓடும் பேருந்தின் சன்னல் வழியாகக் கைக்குட்டை எறிந்து சீட்டுப் பிடித்து வளர்ந்தவளுக்கா பாடம்?

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் ரவி சார் வீட்டுக்குப் போனேன். வட்ட மேசை, ஆறு நாற்காலிகள். வெள்ளை வில்லை ஒரு நாற்காலிக்கு முன்னால் இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்த நாற்காலியில் என் கைக்குட்டையைப் போட்டேன்.

அந்த நாற்காலிக்கு நேர் மேலே ஏசி. ஏசி ஒழுகியது.

"அங்க வேணாம்மா, தண்ணி சொட்டும். இந்தப் பக்கம் வந்துடு" என்றார் ரவி சார்.

"பரவால்ல சார். எனக்குப் பழக்கம்."

(என்ன பழக்கம் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.)

முதல் சுற்று. ஐந்து பேரும் பேசி முடிக்கக் காத்திருந்தேன். ஒவ்வொரு குரலிலும் எனக்குப் பயம் கேட்டது. என் கையில் குப்பைச் சீட்டு. பெரிய குவியலாக வில்லைகளைத் தள்ளினேன். எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள்!

"பரவாயில்லையே!" என்றார் ரவி சார்.

"படிச்சேன் சார்" என்றேன் அடக்கமாக. கழுத்துக்குள் ஒரு சொட்டு இறங்கியது. சிரித்துக்கொண்டேன்.

அவர் அந்த வெள்ளை வில்லையை எடுத்து, எனக்கு இடது பக்கம் இருந்த ஸ்ரீராம் முன்னால் வைத்தார். பஜ்ஜித் தட்டுக்கு இடம் செய்கிறார் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் அது இன்னும் நகர்ந்தது. தட்டு பெரிய தட்டு என்று நினைத்தேன். சுற்றுக்குச் சுற்று என் முறை சீக்கிரம் வரத் தொடங்கியது. பெண்பிள்ளை என்று மரியாதை கொடுத்து முன்னால் பேச விடுகிறார்கள், அடையாறு அடையாறுதான் என்று மனம் நெகிழ்ந்துபோனேன்.

ஆறாவது சுற்றில், எல்லோருக்கும் முன்னால் நான் பேச வேண்டியதாயிற்று. கையில் ஆட்டின் ஏழு, கிளாவர் இரண்டு. (போக்கரில் இதைவிடக் கேவலமான ஜோடி கிடையாது என்று பிறகு சொன்னார்கள். எல்லாவற்றையும் பிறகுதான் சொன்னார்கள்.) ஆனால் இடம் என்னுடையது ஆயிற்றே!

எழுந்து நின்று, இருந்த வில்லைகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன். "ஆல் இன்."

ஸ்ரீராம் என்னைக் கவலையோடு பார்த்தான். "சீட்டைப் பாத்துண்டுதானே சொல்றே?"

"பாத்துட்டுதான்."

"உனக்கப்புறம் அஞ்சு பேர் இருக்கோமே, பவானி."

"இருங்க. யாரு வேணான்னா? இடம் யாருது?"

"யாருது?"

"என்னுது!"

ஸ்ரீராம் கையில் இரண்டு ராஜாக்கள் இருந்தார்கள். அவன் அவசரப்படாமல், வேட்டி மடிப்பதுபோல் நிதானமாக, எனக்குச் சமமாக வில்லைகளை எண்ணித் தள்ளினான். மற்றவர்கள் விலகினார்கள். நடுவில் திறந்த ஐந்து சீட்டில் ஒன்றுகூட என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதலில் வெளியேறியவள் நான்.

"சார், நான் கடைசி இடத்துலதானே உக்காந்திருக்கேன்? கைக்குட்டைகூடப் போட்டேனே!"

ஐந்து பேரும் என் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏசிகூடச் சொட்டுவதை நிறுத்தியது.

"எம்மா" என்றார் ரவி சார், மெதுவாக. "அந்த வெள்ளை வில்லை எங்க இருக்கோ அதான் கடைசி இடம். சுத்துக்கு ஒரு ஆளா அது நகந்துட்டே இருக்கும். நாற்காலிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

ஸ்ரீராம் பஜ்ஜியை வாயில் திணித்துச் சிரிப்பை அடைத்தான். அடைபடவில்லை.

நான் வளர்ந்த இடத்தில், பிடித்த இடம் நகராது. தண்ணீர் லாரிக்கு முன்னால் குடம் வைத்தால் வைத்ததுதான். கடைசியில் நிற்கிற குடத்துக்குக் கடைசித் தண்ணீர், அதுவும் லாரியில் மீந்தால். நல்ல இடம் எல்லோருக்கும் முறை வைத்துத் தானாகவே வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்படி ஒரு நியாயத்தைக் கொண்டுபோய்ச் சீட்டாட்டத்தில் வைத்திருக்கிறார்கள். வைக்க வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கோவாவுக்கு ஸ்ரீராம் போனான். எனக்கு முந்திரிப் பருப்பு வாங்கிவந்தான். (நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.)

பெரும்பாக்கத்தில், எதிர் வீட்டு அக்கா மாடிப்படியில் மறித்தார். "இன்னா பவானி, பிளேனு இன்னும் கெளம்பலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து அம்மா: "வானம் மப்பா கீதாம், அதான் ஏத்தல. ஒனக்கு இன்னா அவுசரம், நீயா ஓட்டப் போற?"

கதவைச் சாத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டாள். "அப்போ அந்த வில்லைய நீ கையில புட்சிக்கினு இருந்திருக்கணும்" என்றாள். மகள் எங்கிருந்து வந்தாள் என்பது தெரிந்துவிட்டதல்லவா?

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது காற்றாடிக்கு நேரே உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மறுத்தால், தம்பி சொல்வான்: "டீலர் நகந்துட்டாரு, ஏந்திரி." அப்பாகூட எழுந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேரும் சட்டைப் பொத்தான்களை வைத்துப் போக்கர் ஆடுகிறோம். முதலில் பேச வேண்டி வந்தால் நான் பேசாமல் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறேன். அம்மா மட்டும் எந்த இடத்திலிருந்தும் மிரட்டுகிறாள். பாதி நேரம் ஜெயித்தும் விடுகிறாள். இதற்கு எந்த வீடியோவிலும் விளக்கம் இல்லை.

இந்த வருடத்துத் தேர்வு அடுத்த மாதம். பெயர் கொடுத்தாயிற்று. கோவா விழா முடிந்த மறுநாள், ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் விடுப்பும் நேற்றே கேட்டுவிட்டேன்.

"இன்னும் ஆட்டமே நடக்கலையே, பவானி?" என்றார் ரவி சார்.

"ஆமா சார்" என்றேன். "நீங்க ஓகே பண்ணுங்க."

பண்ணிவிட்டார்.